அஷ்டமியில் நீல் தீவுக்குப் போகாதீர்கள்

அந்தமான் போய் வந்தவர்களிடம் நீல் தீவைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒரு கூட்டம், "ஹேவ்லாக் தீவை விட நீல்தாங்க, இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்" என்று உருகும். இன்னொரு கூட்டம், "இயற்கைப் பாலம்னு கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பாறை, சுத்தித் தண்ணி, அவ்வளவுதான். பரத்பூர் பீச்ல இறங்கினா முட்டி அளவுகூடத் தண்ணி இல்ல" என்று உதட்டைப் பிதுக்கும். இரண்டு கூட்டமும் பொய் சொல்லவில்லை. போனது ஒரே தீவு, ஒரே சீசன், பல சமயம் ஒரே ஏஜென்ட் போட்டுக் கொடுத்த ஒரே அட்டவணை. தங்கிய விடுதியும் வந்த டிரைவரும் இதற்குக் காரணமில்லை. போன தேதி காரணம், போய் நின்ற மணி காரணம். அந்த மணியை நிலா தீர்மானிக்கிறது, நாமோ அதை டிராவல்ஸ்காரரிடம் விட்டுவிடுகிறோம்.

எனக்கு இதில் தீராத மனத்தாங்கல் உண்டு. விமான டிக்கெட்டை எந்த வாரத்தில் எடுத்தால் 800 ரூபாய் மிச்சம் என்று மூன்று தளங்களில் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள்கூட, அந்த வாரத்தில் கடல் எப்போது வற்றும் என்று பார்ப்பதில்லை. நீல் தீவில் பார்க்க வேண்டியவற்றில் பாதி தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. மீதிப் பாதி, தண்ணீர் விலகினால்தான் தெரியும். முதல் பாதிக்குக் கடல் ஏறியிருக்க வேண்டும், இரண்டாம் பாதிக்கு வற்றியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வெளிச்சத்தில் பார்க்கக் கூடிய நாட்கள் மாதத்தில் சில உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும்.

தீவு சின்னது. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் அரசாங்கப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 40 கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகளைக் குடியமர்த்திய ஊர் என்பதால் கிராமங்களுக்கு சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர் என்று ராமாயணப் பெயர்கள். நடுவில் நீல் கேந்திரா என்ற கடைவீதி, சுற்றிலும் காய்கறித் தோட்டம், தென்னை, பாக்கு. 2018-ல் தீவின் பெயரை ஷகீத் துவீப் என்று மாற்றினார்கள், ஆனால் படகுத்துறையில் இன்னும் நீல்தான். இந்த நீல் வேறு யாருமில்லை. 1857 எழுச்சியை ஈவிரக்கமில்லாமல் ஒடுக்கிய அதே ஜேம்ஸ் நீல்தான். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி அரசு அதை அகற்றி எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பியது. சிலை போன பிறகும் தீவு 81 வருடம் அவர் பெயரைச் சுமந்திருக்கிறது.

ஏற்றமும் வற்றமும்

கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். பாடத்தில் சொல்லாமல் விட்டது, அந்தமானில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை. ராமேஸ்வரத்திலோ மெரினாவிலோ வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. போர்ட் பிளேர்ப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் இரண்டு மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரத்துக்கு மேல். அரைநிலா நாட்களில் அது ஒரு மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். கரை செங்குத்தாக இருந்தால் இரண்டு மீட்டர் ஒன்றுமில்லை. நீல் தீவின் கரையோரத்தில் ஏறக்குறைய மட்டமான பவளப்பாறைத் தளம் கடலுக்குள் நீண்டுகிடக்கிறது. அங்கே இரண்டு மீட்டர் இறங்கினால் பெரிய மைதானம் ஒன்று வெளியே வரும். முக்கால் மீட்டர் இறங்கினால் கணுக்கால் நனைகிற குட்டையும் வழுக்குப் பாறையும்தான் கிடைக்கும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஒரு துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஏற்றம் ஏறக்குறைய எப்போதும் ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். வருடம் மாறினாலும் மாதம் மாறினாலும் அது பெரிதாக மாறாது. போர்ட் பிளேர்ப் பக்கத்துக்கு அது காலையும் இரவும் ஒன்பதரை, பத்து மணிவாக்கு. அப்படியானால் வற்றம் அதிகாலையும் பிற்பகலும் மூன்றரை, நான்கு மணிவாக்கு. இந்த இரண்டு நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சத்தைத் திதியை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நாளுக்கு 40 நிமிடம் போலத் தள்ளிப்போகும். அஷ்டமி நெருங்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேலும் தள்ளும்.

இப்போது அந்தமானின் வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் கடிகாரம் மிர்சாப்பூருக்கு அருகே ஓடும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, அந்தமானோ 93 பாகைக்குப் பக்கத்தில். அங்கே சூரியன் கடிகாரத்துக்கு 40 நிமிடம் முந்தியே இருக்கும். நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மார்ச் கடைசியில் காலை ஐந்தே கால், ஐந்தரைக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும், பகல் பதினொன்றரைக்கு முன்பே உச்சி வெயில் வந்துவிடும். சென்னைப் பழக்கத்தில் எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டு ஒன்பதரைக்குக் கிளம்புகிறவருக்கு நாளில் பாதி போய்விட்டது.

திதி பார்த்து டிக்கெட்

மேலே சொன்ன இரண்டையும் ஒன்றாக வைத்தால் விடை தானாக வரும். அமாவாசை அன்று அதிகாலை நான்குக்கு வற்றம், கும்மிருட்டு, பயனில்லை. துவிதியை அன்று அது ஐந்து மணிவாக்கில், திருதியையில் ஐந்தே முக்கால், சதுர்த்தியில் ஆறரை. சூரியன் எழுகிற அதே நேரத்தில் கடல் முழுக்க விலகிக் கிடக்கும். அதோடு, கடல் மிக அதிகமாக ஏறி இறங்குவது அமாவாசை அன்றே அல்ல, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான், ஏனென்றால் நிலாவின் இழுப்புக்குக் கடல் கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் சொல்லும். ஆக, துவிதியையிலிருந்து சதுர்த்தி வரை மூன்று நாட்களில் மாதத்தின் மிகப் பெரிய வற்றமும் விடிகாலை வெளிச்சமும் ஒன்றாகக் கிடைக்கும். அதே நாட்களில் ஏற்றம் முற்பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரைக்குள். தண்ணீருக்குள் வெளிச்சம் ஆழமாக இறங்குகிற உச்சி வெயிலும் அதே நேரம். பவளம் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்.

வளர்பிறையா தேய்பிறையா என்று கேட்டால், கடலுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் அமாவாசை பக்கம் சாய்வேன். இரவில் அலையோரம் நீலமாக மினுங்கும் நுண்ணுயிர்களைப் பார்க்க இருட்டு வேண்டும், பௌர்ணமியை ஒட்டிப் போனால் அது எடுபடாது. தவிர, லட்சுமண்பூர் கடற்கரை மேற்கு பார்த்தது. சூரியன் மறைந்த அரை மணியில் மூன்றாம் பிறை அதே திசையில் தெரியும். அதைப் பார்க்கத் தனியாக எங்கும் போக வேண்டாம்.

எந்த மாதம் என்பதற்கு, மாசியும் பங்குனியும் என்பேன். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குமுன் கடல் அமைதியாக இருக்கும், புயல் காலம் முடிந்திருக்கும். மார்ச் 21-ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் ஏற்றவற்றம் வருடத்திலேயே பெரிதாக இருக்கும். பங்குனி அமாவாசை கழிந்த திருதியை என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுக்கலாம்.

இனி அஷ்டமி. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதே என்று சொல்லும் பாட்டிமார்களுக்குக் கடல் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கும் ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அஷ்டமி அரைநிலா நாள். சூரியனும் நிலாவும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் இழுப்பை மற்றது கெடுக்கும். கடல் பாதி ஏறி, பாதி வற்றி, நாள் முழுக்க ஒரே மாதிரி கிடக்கும். வற்றம் காலை பத்து மணிவாக்கில் வரும், ஆனால் பாறைத்தளம் சரியாக வெளியே வராது. ஏற்றம் பிற்பகல் நான்கைத் தொட்டு வரும், அப்போது வெயில் சாய்ந்து தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. உதட்டைப் பிதுக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் அஷ்டமிக்கோ தசமிக்கோ போய் வந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

திதிக் கணக்கு தேதி குறிப்பதற்கு. போய் இறங்கிய பிறகு நிமிடக் கணக்கு வேண்டும். இந்திய சர்வே துறை வருடா வருடம் ஓத அட்டவணை, அதாவது ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் தளத்திலும் போர்ட் பிளேர் கணிப்பு கிடைக்கும். நீல் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் சில நிமிட வித்தியாசம்தான், அதைப் பொருட்படுத்த வேண்டாம். போன் செயலியில் பார்ப்பதானால் இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். ஒன்று, நேரம் இந்திய நேரமா கிரீன்விச் நேரமா. ஐந்தரை மணி நேரம் பிசகினால் வற்றம் என்று போய் ஏற்றத்தில் நிற்பீர்கள். இரண்டு, உயரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள். கடல்வரைபட அளவில், அதாவது ஏறக்குறைய மிகத் தாழ்ந்த வற்றத்தின் மட்டத்திலிருந்து சொன்னால் 0.3, 2.1 என்று எல்லாம் கூட்டல் எண்ணாக வரும். சராசரி கடல்மட்டத்திலிருந்து சொன்னால் வற்றம் கழித்தல் எண்ணாக வரும். கடல்வரைபட அளவில் 0.5 மீட்டருக்குக் கீழே இருந்தால் அருமை, 0.7 வரை பரவாயில்லை, 0.9-ஐத் தாண்டினால் பாலத்துக்குப் போகும் காலையைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். இது என் அளவுகோல், அட்டவணையில் இருக்காது.

லட்சுமண்பூர் 2, வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு

குடியேறிய வங்காளிகள் தங்கள் ஊர் ஞாபகத்தில் ஹவுரா பாலம் என்று கூப்பிடும் இயற்கைப் பாலம் லட்சுமண்பூரில் இருக்கிறது. அதே பெயரில் சூரிய அஸ்தமனம் பார்க்கும் கடற்கரை ஒன்றும் இருப்பதால் டிரைவர்கள் ஒன்று, இரண்டு என்று எண் வைத்திருக்கிறார்கள். பாலம் இருப்பது இரண்டில். ஆட்டோவிலிருந்து இறங்கி, கடைகளைத் தாண்டி, படி இறங்கினால் கரை. அங்கிருந்து பாறைத்தளத்தின் மேல் பத்துப் பதினைந்து நிமிட நடை. பழைய பவளச் சுண்ணாம்புப் பாறையின் அடிவயிற்றை அலை அரித்துத் துளைத்துவிட, மேல்பகுதி மட்டும் வளைவாக நிற்கிறது. மேலே மரமும் செடியும். போட்டோவில் வருவது இவ்வளவுதான். முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பார்க்காமல் விடுவது, அவர்கள் நடந்து வந்த தரையை.

வற்றும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றேகால் மணி முன்பே போய்விட வேண்டும். கடல் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. ஆறு மணி நேரத்தில் இறங்கும் தண்ணீரைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, கடைசியில் ஒன்று. அதனால் வற்றத்துக்கு ஒரு மணி முன்பே தளம் பெரும்பாலும் வெளியே வந்திருக்கும், வற்றத்துக்குப் பின் ஒரு மணி வரை தண்ணீர் அவசரப்படாது. அதற்கப்புறம்தான் சிக்கல். இரண்டு மீட்டர் ஏற்றம் என்றால் நடு இரண்டு மணிகளில் மணிக்கு அரை மீட்டர் வீதம் ஏறும். தளம் கடல் பக்கம் உயர்ந்து கரைப் பக்கம் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் முன்னாலிருந்து வராது, பக்கத்துப் பள்ளங்கள் வழியாக உங்களுக்கும் கரைக்கும் நடுவே முதலில் நிரம்பும். பாலத்தடியில் நின்று படம் எடுப்பவருக்குக் காலடி காய்ந்திருக்கும், திரும்பிப் பார்த்தால் வந்த வழியில் தொடை அளவு தண்ணீர் ஓடும். ஆபத்து பெரும்பாலும் உயிருக்கு இல்லை. கீழே தெரியாத பாறையில் கால் வைத்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்வது, போனை நனைப்பது, பெரியவர்கள் விழுவது. வற்றத்துக்குப் பின் அரை மணியில் திரும்பத் தொடங்கினால் போதும்.

காலில் என்ன போடுவது என்பதில் சமரசம் வேண்டாம். ஹவாய் செருப்பு வார் பிடுங்கிக்கொள்ளும், ஸ்போர்ட்ஸ் ஷூ நனைந்து கனக்கும், வெறுங்கால் கூடவே கூடாது. அடி மெல்லிய ரப்பராக, குதிகாலைப் பிடித்துக்கொள்கிற கடற்கரைக் காலணி சிறந்தது. இல்லாவிட்டால் பின்பட்டை உள்ள பழைய சாண்டல். பாறையின் நிறத்தைப் பார்த்து அடி வையுங்கள். மணல் படிந்த வெளிர் இடங்கள் பத்திரம், சொரசொரப்பான பழுப்புப் பாறை பரவாயில்லை, பளபளவென்று பச்சை படர்ந்த இடம் சாணி மெழுகிய தரையில் மழை பெய்தது போல வழுக்கும். குட்டைக்குள் இறங்காதீர்கள். குட்டைக்குள் இருப்பது உயிருள்ள பவளம், ஒரு மிதிக்குப் பல வருட வளர்ச்சி நொறுங்கும்.

இனி நடப்பதை நிறுத்திவிட்டு ஒரு குட்டையின் ஓரத்தில் குந்தி உட்காருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி சூரியனைப் பார்த்து உட்கார வேண்டும், ஏன் என்று சொல்கிறேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு சங்கு ஒன்று நடக்கும், உள்ளே துறவி நண்டு. கறுப்பு ஊசிகளாய் நீட்டிக்கொண்டு சந்தில் கிடக்கும் கடல் முள்ளெலி. விரல் கனத்தில் கறுத்துக் கிடக்கும் கடல் அட்டை, ஒரு முனையில் மணலை விழுங்கி மறுமுனையில் சுத்தமான மணலாய் விட்டுக்கொண்டிருக்கும். பாறை இடுக்கிலிருந்து பாம்புபோல் நெளியும் மெல்லிய கரம் ஒன்று வெளியே வந்து துழாவும், அது நட்சத்திர மீனின் பங்காளி. அஞ்சாலை மீன் தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டவில்லை, மூச்சு விடுகிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பாறைக்குள் புதைந்து கிடக்கும் ராட்சத மட்டி. பெயர்தான் ராட்சத, இங்கே தென்படுபவை பெரும்பாலும் கையகலத்துக்கு மேல் போகாது. ஓடு வெளியே தெரியாது. பாறையில் ஒரு நெளிநெளியான பிளவு, அதன் இரண்டு பக்கமும் மயில் நீலம், பச்சை, பழுப்பு என்று புள்ளி போட்ட சதையுதடு. அந்தச் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலில் உணவு தயாரிக்கின்றன, மட்டிக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு அதிலிருந்துதான். வெயில் வேண்டும் என்பதால்தான் ஆழம் குறைந்த இடத்தில், உதட்டை விரித்தபடி இருக்கிறது. உதட்டு விளிம்பில் வெளிச்சத்தை உணரும் சின்னக் கண்கள் வரிசையாக உண்டு. உங்கள் நிழல் விழுந்தால் ஏதோ மீன் வருகிறது என்று படக்கென்று சுருங்கிவிடும். ஒரு சிறு பீச்சல் தண்ணீர் தெறிக்கும். பிறகு உதடு மறுபடி முழுக்க விரியப் பல நிமிடம் பிடிக்கும். சூரியனைப் பார்த்து உட்காரச் சொன்னது இதற்குத்தான்.

அங்கே சில உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டியாகக் கூட வருவார்கள். கூட்டிக்கொள்வது நல்லது. நமக்குப் பாறையாகத் தெரிவதை அவர்களுக்கு உயிராகப் பார்க்கத் தெரியும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனைக் காட்டி ஒதுங்கச் சொல்வார்கள், அதன் முதுகு முள்ளின் விஷம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். ஆனால் தொடக்கத்திலேயே "எதையும் கையில் எடுக்க வேண்டாம், காட்டினால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். நாம் சந்தோஷப்படுவோம் என்று நினைத்துத்தான் சிலர் கடல் அட்டையைத் தூக்கிக் கையில் வைப்பார்கள். மிரண்ட அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும். கடல் அட்டை, பவளம், ராட்சத மட்டி எல்லாம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அழகான கூம்பு வடிவச் சங்கைப் பொறுக்குவது வேறு வகையில் வினை. கூம்புச் சங்குக்குள் ஆள் இருந்தால் விஷ ஊசி வைத்திருப்பார். கரையில் செத்துக் கிடந்ததுதானே என்று பையில் போட்ட பவளத் துண்டுக்கும் போர்ட் பிளேர் விமான நிலையத்தில் பெட்டி திறக்க வைப்பார்கள். கடையில் வாங்கிய சங்குக்கு ரசீது கையில் இருக்கட்டும்.

நடுப்பகல் பரத்பூர்

காலை எட்டரைக்குள் பாலம் முடிந்து சாப்பாடும் ஆகிவிடும். பரத்பூர் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆழமில்லாத கடல், மணலும் கடற்புல்லும் பவளமும் கலந்த தரை. வற்றத்தில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பு நனையாது. கண்ணாடிப் படகின் அடி தரையைத் தட்டும், இல்லாவிட்டால் கலங்கல் மட்டும் தெரியும். அதனால் ஏற்றத்துக்கு ஒரு மணி முன்பிலிருந்து ஒரு மணி பின்பு வரை. நாம் தேர்ந்தெடுத்த நாட்களில் அது பத்திலிருந்து ஒன்றரைக்குள் விழும். பவளத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் தண்ணீராவது இருந்தால்தான் ஸ்நார்கெல் (முகமூடியும் மூச்சுக்குழாயும்) போடுகிறவர் கால் பட்டு எதையும் உடைக்காமல் மிதக்க முடியும்.

வாடகை முகமூடியை வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உள்ளிழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை வைத்திருப்பவர்களுக்கு மேலுதட்டு ஓரம் தண்ணீர் கசியும். மீசைமேல் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் அடங்கும், மீசையை எடுக்க வேண்டியதில்லை. கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவிக் கழுவினால் ஆவி படியாது. சன் ஸ்கிரீனை அப்பிக்கொள்வதைவிட முழுக்கைச் சட்டை மேல். முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெந்து போவது மிதப்பவர்களுக்கு வாடிக்கை.

என்ன தெரியும் என்பதில் ஆசையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2010-ல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போயின, அதற்குப் பின்னும் அடி விழுந்தது. ஆழமில்லாத இடங்களில் செத்து உடைந்த கிளைப் பவளம் நிறைய. உருண்டைப் பவளங்கள் தாக்குப்பிடித்து நிற்கின்றன, அவற்றைச் சுற்றிக் கிளிமீனும் பட்டாம்பூச்சி மீனும் உண்டு. கடற்புல் பகுதியில் ஆவுளியா வருவதுண்டு, நம் பாக் நீரிணையில் மிஞ்சியிருக்கும் அதே கடற்பசு, அந்தமானின் மாநில விலங்கு. பார்ப்பது அதிர்ஷ்டம், அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

சீதாபூரை எல்லாரும் சூரியோதயத்துக்குச் சொல்வார்கள். நாம் அந்த நேரத்தைப் பாலத்துக்குக் கொடுத்துவிட்டதால் இரண்டாம் நாள் பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஏற்றத்தில் அலை குன்றின் அடியை வந்து மோதும், மணலே மிஞ்சாது, நீந்தும் இடமும் அல்ல.

பேக்கேஜ் எங்கே சறுக்குகிறது

வழக்கமான அட்டவணையில் ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீல் தீவுக்குப் பகல் மட்டும், அல்லது ஒரே இரவு. ஹேவ்லாக்கிலிருந்து காலைக் கப்பலில் ஏறிப் பத்து, பதினொன்றுக்கு இறக்கி, பிற்பகலில் போர்ட் பிளேர்க் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். நல்ல நாட்களின் விடிகாலை வற்றம் இந்த இடைவெளிக்குள் வரவே வராது. அஷ்டமி நாட்களின் அரைகுறை வற்றம்தான் வரும். டிரைவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் கப்பல் நேரத்துக்கு ஓட்டுகிறார். ஹேவ்லாக்கில் ஒரு இரவைக் குறைத்து நீல் தீவில் இரண்டு இரவு கேளுங்கள். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை ஏற்றத்திலும் அழகு, வற்றத்திலும் அழகு, எந்தத் திதியிலும் பார்க்கலாம்.

கடைசி நாளில் தீவிலிருந்து நேரே விமானத்துக்கு ஓடும்படி போடாதீர்கள். காற்று பலத்தால் கப்பல் ரத்தாகும், அப்போது தனியார், அரசு இரண்டும் நிற்கும். போர்ட் பிளேரில் ஓர் இரவு இடைவெளி வேண்டும். காற்றழுத்தத் தாழ்வு நிலை இருந்தால் அட்டவணையும் பிசகும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும், கரை நோக்கி வீசும் காற்று இன்னும் தள்ளும். 0.4 என்று போட்டிருந்த வற்றம் 0.6-ல் நின்றுவிடும்.

வடக்கே திக்லிபூர் வரை போகிறவர்களுக்கும் இதே கணக்கு உதவும். ராஸ், ஸ்மித் என்ற இரண்டு குட்டித் தீவுகளை இணைக்கும் மணல்திட்டு வற்றத்தில்தான் முழுதாக வெளியே வரும். அங்கே போக ஒரு முழு நாள் சாலைப் பயணம் என்பதால், தேதி தப்பினால் எரிச்சல் இன்னும் கூடும்.

அஷ்டமியில்தான் லீவு கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிறது, என்ன செய்ய என்றால் வரிசையை மாற்றுங்கள். அஷ்டமியில் போர்ட் பிளேரில் இறங்கி செல்லுலார் சிறை, பிறகு ஹேவ்லாக், பாராடாங் என்று முதல் நான்கைந்து நாளை ஓட்டிவிட்டு நீல் தீவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். திரயோதசி வாக்கில் வற்றம் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி வரும், கடல் இறங்கும் அளவும் ஓரளவு கூடியிருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும், குடையும் இரண்டு பாட்டில் தண்ணீரும் வேண்டும். ஒரு மணிக்குப் பாலத்தில் இறங்கி இரண்டரைக்குக் கரையேறினால், இளநீர் குடித்துவிட்டு நான்கு மணிக்குள் லட்சுமண்பூர் ஒன்றுக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். சதுர்த்தசியில் எல்லாவற்றையும் முக்கால் மணி தள்ளிப் போடுங்கள்.